ஏழாம் அத்தியாயத்துக்கு முன்

தேவனாம்பட்டினத்துக் கல்லூரியில்
மே மாதம்.
மாடி அறையில் நாற்பது பேர் தலைகவிழ்ந்திருக்கிறோம்.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
விடைத்தாள்களின் மேல் செங்கல் துண்டுகள்.
சன்னலுக்கு வெளியே சவுக்கு, அதற்கப்பால் கடல்.
யாரும் பார்ப்பதில்லை.

வினா எண் பதினேழு:
‘வனமயில் துன்பங்களை வென்ற திறத்தை விளக்குக.’
பத்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு அதை இப்படிப் பிரிக்கிறது:
முன்னுரைக்கு ஒன்று,
தன்னம்பிக்கைக்கு இரண்டு,
விடாமுயற்சிக்கு இரண்டு,
பொறுமைக்கு இரண்டு,
மகன் படித்து வேலைக்குப் போனதற்கு இரண்டு,
முடிவுரைக்கு ஒன்று.

காலையிலிருந்து இருபத்தாறு வனமயில்கள்
என் கை வழியே கரையேறிவிட்டார்கள்.
புருசனைக் கடல் கொண்டுபோனது,
கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள்,
கடனை அடைத்தாள்,
தலைநிமிர்ந்தாள்.
எல்லாரும் ஒரே கையேட்டில் முங்கி
ஒரே இடத்தில் எழுகிறார்கள்.

இருபத்தேழாவது தாள்.
துணைத்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை.
நீல மை நடுவில் கறுப்பாகிறது,
பேனா தீர்ந்து யாரிடமோ வாங்கியிருக்க வேண்டும்.

‘வென்றாள் என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை.
தோற்றது யார்?’
என்று தொடங்குகிறது.

‘வட்டிக்காரர் தாண்டவராயனைக் கெட்டவர் என்று
வகுப்பில் சொன்னார்கள்.
நாவல் முழுக்க அவளைப் பார்த்து
சாப்பிட்டியா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.
கேட்டுவிட்டு வட்டியையும் வாங்கிக்கொண்டார்.’

பையிலிருந்து நாவலை எடுத்தேன்.
ஒன்பது வருடமாக நடத்துகிறேன்.
நூற்றுப் பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
இருக்கிறது.
அந்தப் பக்கத்தில் நான் கோடு போட்டிருந்தது
விடியலைப் பற்றிய ஓர் உவமைக்கு.

‘வனமயில் எங்கேயும் சலித்துக்கொள்வதில்லை.
எங்கம்மா சலித்துக்கொள்வாள்.
குடத்தை வேண்டுமென்றே ஓசைப்பட வைப்பாள்.
மகன் வேலைக்குப் போனது வனமயிலின் வெற்றி என்றால்
என் தம்பி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக இருப்பது
யார் கணக்கில் வரும்?

ஆறாம் அத்தியாயம் முடியும்போது
அவளிடம் நாற்பது ரூபாயும்
காய்ச்சலில் ஒரு பிள்ளையும்.
ஏழாம் அத்தியாயம்
பத்தாண்டுகள் ஓடின என்று ஆரம்பிக்கிறது.
எங்கள் வீட்டில் அது ஓடவில்லை.
தானே புயலில் கூரை போனபோது நான் மூன்றாம் வகுப்பு.
தார்ப்பாய் மூன்று முறை மாறிவிட்டது.
கூரை வரவில்லை.
எங்கம்மா அந்த இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் இருக்கிறாள்.
அங்கே எழுத்து இல்லாததால்
அவள் திறத்தை என்னால் விளக்க இயலவில்லை.’

அவ்வளவுதான்.
பக்கத்தில் பாதி காலி.

பேனாவை மூடி வைத்தேன்.
கௌரவ விரிவுரையாளர் என்பது என் பதவி.
பதினான்கு வருடம்.
மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது,
தாளுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கொண்டு
ஒவ்வொரு மே மாதமும் இங்கே வருகிறேன்.
என் கதையை யாராவது எழுதினால்
பணி நிரந்தரமான காலையிலிருந்து தொடங்குவார்கள்,
ஆகியிருந்தால்.

விடைக்குறிப்புப்படி நாலு போட்டேன்.
தேநீர் வந்தது, சுண்டலும்.
குடித்துவிட்டு வந்து
நாலை அடித்து எட்டு என்று எழுதி
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன், விதி அது.

முதன்மைத் தேர்வாளர் குணவதி மேடம்
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
‘முடிவுரையே இல்லையேம்மா. எட்டா?’
‘இல்லைங்க மேடம்’ என்றேன்.
எது இல்லை என்று அவர் கேட்கவில்லை.
பச்சை மையில் ஏழாக்கினார்.

பெயர் இருக்கும் துண்டை முன்பே கிழித்துவிட்டார்கள்.
போலி எண் மட்டும்.
கையெழுத்தை வைத்து
ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

இருபத்தெட்டாவதைப் புரட்டினேன்.
‘முன்னுரை: துன்பம் கண்டு துவளாதவள் வனமயில்.’
மணிமணியான எழுத்து, இரட்டை அடிக்கோடு.
ஒன்று போட்டேன்.

செங்கல்லை எடுத்த நேரத்தில்
மேலே கிடந்த இருபத்தேழு
காற்றுக்கு எழும்பி,
ஒரு நொடி நின்று,
மறுபடி படிந்தது.