ஏழு பலகைகள்

ஒட்டாவாவில் இன்று மைனஸ் இருபத்தாறு.
நிலவறையில் எனக்கு வேலை:
எந்திரம் தப்பாகப் படித்ததைச் சரியாகப் படிப்பது.
பக்கத்துக்கு நாற்பது சென்ட்.
பழைய சபைக் குறிப்புகள். இரண்டு போருக்கும் நடுவில்
இந்த நாடு தன்னைத்தானே என்னவெல்லாம் கேட்டுக்கொண்டது என்பது.

பெரும்பாலும் சில்லறைதான்.
எந்த ஊர்த் தபால்காரரை ஏன் நீக்கினீர்கள்,
கலங்கரை விளக்குக்கு எண்ணெய் விற்றவர் யார், அவர் யாருக்கு மைத்துனர்.
எண்ணிட்டுக் கேட்பார்கள்.
அமைச்சரும் எண்ணிட்டே சொல்வார்:
1. ஆம். 2. இல்லை. 3. தகவல் இல்லை.
4. மூன்றாவதற்கான பதிலைக் காண்க.

இருபத்தேழு மார்ச்சில் முதன்முதலாக எழுகிறார்
ஓனெசிம் தெரியோ, கிழக்குக் கரை உறுப்பினர்.
1. மெக்ராவிஷ் துறையின் படகுமேடையில்
ஏழு பலகைகள் இல்லை என்பதை அமைச்சர் அறிவாரா?
2. சென்ற நவம்பரில் உப்புப் பீப்பாய் உருட்டி வந்த
யூலாலி கோர்மியே என்ற கைம்பெண்
அந்தச் சந்தில் விழுந்து கால் முறிந்தது உண்மையா?
3. நட்டஈடு ஏதும் தரப்பட்டதா?
4. மேடை எப்போது செப்பனிடப்படும்?

பொதுப்பணி அமைச்சர் ஆங்கஸ் மெக்கில்வ்ரே:
1. அறிவோம். 2. துறைக்குத் தெரியாது.
3. இல்லை. 4. பரிசீலனையில் உள்ளது.

துறைக்குத் தெரியாதா?
துறையில்தானே விழுந்தாள்.
படகு கட்டுகிற இடத்துக்கும் கோப்பு கட்டுகிற இடத்துக்கும்
என் மொழியில் ஒரே பெயர்.
பக்கத்து மேசை மாத்தில்டிடம் இதைச் சொல்லிச் சிரிக்க முடியாது.

இருபத்தெட்டில் ஒன்பது பலகை.
இருபத்தொன்பதில் பதினான்கு.
தெரியோ விடவில்லை. அமைச்சரும்.
பரிசீலனை என்ற அந்த ஒரு சொல்லை மட்டும்
எந்திரம் ஒருமுறைகூடத் தப்பாகப் படிக்கவில்லை.

முப்பதில் தேர்தல். நாற்காலிகள் இடம் மாறின.
தெரியோவே பொதுப்பணி அமைச்சர்!
காபியை ஓரமாக வைத்துவிட்டு
கூலி வராத பக்கங்களை வேகவேகமாகப் புரட்டினேன்.
எதிர்வரிசையிலிருந்து எழுகிறார் மெக்கில்வ்ரே:
மெக்ராவிஷ் துறையில் இருபத்திரண்டு பலகைகள் இல்லை என்பதை
மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?
(சிரிப்பு) என்று போட்டிருக்கிறார் குறிப்பெழுதியவர்.
அறிவோம், என்கிறார் தெரியோ.
பரிசீலனையில் உள்ளது.

மறுவருடம் மேற்கிலிருந்து ஒரு கோதுமைக்காரர்,
புது உறுப்பினர், சபைக் கூச்சம் இன்னும் தெளியாதவர், கேட்டார்:
1. இந்த மேடையைச் செப்பனிட மதிப்பீடு எவ்வளவு?
2. இதுபற்றிய கேள்விகளுக்குப் பதில் திரட்ட
தந்தி, பயணம், எழுத்தர் கூலி வகையில் இதுவரை ஆன செலவு?

1. முந்நூற்று நாற்பது டாலர்.
2. நானூற்றுப் பதினொரு டாலர் அறுபது சென்ட்.

இந்தமுறை சிரிப்பு எதுவும் பதிவாகவில்லை.

முப்பத்துமூன்றில் கடைசிப் பதில்:
டிசம்பர்ப் புயலுக்குப் பின் அவ்விடத்தில் மேடையே இல்லையாதலால்
செப்பனிடும் கேள்வி எழவில்லை.

எழவில்லையாம்.
ஆறு வருடம் மாறி மாறி
இரண்டு ஆண்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

விழுந்தவள்?
அவள் பெயர் முதல் கேள்வியில் மட்டும்.
பதில் எதிலும் கிடையாது.
பொருளடைவில் தேடினேன்:
மேடைகள், பழுது. செலவுகள் என்பதன்கீழ்க் காண்க.
கால் உடைந்தது போதாதென்று
எந்திரம் அவள் பெயரையும் உடைத்திருந்தது:
யூ லாலி கார் மீ.
எழுத்தெழுத்தாகச் சேர்த்து ஒட்டினேன்.
அச்சில் இருப்பதைத்தான் திருத்தலாம், எதையும் கூட்டக்கூடாது,
அது இங்கே விதி.
எலும்பு கூடியதா, மறு நவம்பரில் யார் பீப்பாய் உருட்டினார்கள்,
தகவல் இல்லை.

பக்கத்தைச் சேமித்தேன். நாற்பது சென்ட்.
வெளியே, பனி வாராத படிக்கட்டு.
ஒரு காலை வைத்து, அமுக்கிப் பார்த்து,
அப்புறம்தான் மற்றதை எடுத்தேன்.