ஏழடி

கொழும்பு பஸ்ஸின் மேல்தட்டில்
இரண்டங்குலப் பைப்புக்குள் படுத்து வந்தது.
"கிணத்துக்கோ மிஸ்ஸி?" என்றார் கொண்டக்டர்.
ஓம் என்றேன்.
எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுத
என் பதிவேட்டில் இடமில்லை.

பழையது ஐந்தரை அடி.
தடித்த வெள்ளைத் தடி, வண்டில் மாடு மாதிரி.
எறிந்தால் போகும், இழுத்தால் வரும்,
இடையில் நடந்தது எதையும் சொல்லாது.
ஒன்பது வருசம் அதோடு சமாளித்தேன்.

நாயாற்றுப் பாலம். மார்கழி. விடிய ஐந்தரை.
முகத்துவாரம் வெட்டுண்டு மூன்றாம் நாள்,
தண்ணீர் கடலுக்கு அவசரப்படுகிறது.
பழைய கணக்கில் புதியதை வீசினேன்.
பொய்மீன் நேரே மேலே ஏறியது,
அங்கே நின்று யோசித்தது,
என் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தது.
அடுத்தது பாலத்தின் மற்றப் பக்கம்.
மூன்றாவதில் றீலுக்குள் நூல் சுருண்டு
ஒரு குருவிக்கூடு,
முட்டை மட்டும்தான் குறை.

"மீன் தண்ணிக்கை இருக்கு மிஸ்ஸி"
என்றார் பஸ்தியான், வீச்சுவலையை உதறிக்கொண்டு.
அவருடைய கடைசியை நிறுத்தது என் தராசு.
அதற்கு மேல் பகிடி விடமாட்டார்.

கூட்டைப் பிரித்தபடி விளங்கிக்கொண்டேன்:
தடி பின்னால் வளைய வேண்டும்,
வளைந்து நிரம்ப வேண்டும்,
அதுவரை சும்மா நிற்க வேண்டும்.
நானோ வாய் திறக்க முன்னமே
முக்கு முக்கு என்று கத்துகிற
பயிற்சிக்கு வந்த பிள்ளை மாதிரி.

இரண்டாம் கிழமை தூரம் சரிவந்தது.
அதற்குப் பிறகுதான் தொல்லை.
இந்தத் தடி எல்லாவற்றையும் சொல்கிறது.
மணல், மட்டி, பாசி,
பழைய பாலத்தின் முறிந்த கால்,
யாரோ விட்டுப்போன வலையின் ஈயம்.
ஒவ்வொன்றுக்கும் சுண்டினேன்.
பாசி வந்தது. திரும்பவும் பாசி.
நீரோட்டத்துக்கே ஒருமுறை சுண்டி
தோள்மூட்டுப் பிடித்துக்கொண்டது.

செம்மலையில் நிலாந்தினி, முப்பத்தைந்து கிழமை.
பாயில் படுத்திருக்கிறாள், கண் முகட்டில்.
வயிற்றில் கையை வைத்தேன்.
அழுத்தவில்லை. அழுத்தினால் தசை இறுகும்,
பிறகு எதுவும் தெரியாது.
கீழே மெத்தென்று ஏதோ.
மேலே, இடது உள்ளங்கைக்குள்,
குரும்பட்டி போல உருண்டையாய் ஒன்று.
மெல்லத் தட்டினேன்.
போய்த் திரும்பி வந்து தட்டியது.
தலை. இருக்கக் கூடாத இடத்தில்.

அப்போதுதான் நினைத்தேன்:
பாலத்தில் நான் பிடிப்பது உலக்கைப் பிடி.

மறுநாள் விரலைத் தளர்த்தினேன்.
சுட்டுவிரல் மட்டும் தடியில் நீட்டி,
மற்றவை சும்மா கிடக்க.
மணல் வந்து சொன்னது, போகவிட்டேன்.
பாசி வந்தது, அதையும்.
பிறகு ஒரு டொக்.
சுண்டவில்லை.
இன்னொன்று, இப்போது பாரத்தோடு.
தடி வளைந்தது. வளைந்துகொண்டே போனது.
றீல் கத்தியது, பஸ்தியான் கத்தினார்,
நான் மட்டும் கத்தவில்லை.
செப்பலியாய்த்தான் இருக்க வேண்டும்,
முறிந்த காலை ஒரு சுற்றுச் சுற்றி
நூலை அறுத்துக்கொண்டு போனது
எண்ணூற்றைம்பது ரூபாய்ப் பொய்மீனோடு.

அரைமணித்தியாலம் கழித்து
இன்னொரு பொய்மீனில் ஒரு கொடுவாக் குஞ்சு,
பொய்மீனை விட ஒரு விரற்கடை நீளம்.
நூற்று முப்பது கிராம், தராசு வேண்டாம்.
"இதுக்கு எத்தினை கிழமை மிஸ்ஸி?"
தண்ணீரில் விட்டேன். திரும்பிப் பார்க்காமல் போனது.

கிளினிக்குக்குப் பிந்திவிட்டேன்.
சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கழுவியும்
மணிக்கூட்டுப் பட்டிக்குள் ஒரு செதில்.
நிலாந்தினி அதைத்தான் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளை இன்னும் திரும்பவில்லை.
பொறுத்துப் பாப்பம் என்றேன்.
முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குத் துண்டும் எழுதினேன்.