இருநூறில் ஒன்று

கெயோன் துறைமுகத்து சால்மன் ஆலையில்
எனக்கு வேலை, வயிறு திறப்பது.
செவுளுக்குக் கீழே கத்தியை வைத்தால்
ஒரே இழுப்பு. குடல் தானாக வந்துவிடும்.
தைப்பது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

ஆகவே டாக்டர் பாரியென்தோஸ் தாளைத் திருப்பி
"பழைய தழும்பு பிரிகிற ஆபத்து
ஏறக்குறைய இருநூறில் ஒன்று" என்றபோது
மீனில்தான் கணக்குப் போட்டேன்.
இருநூறு மீன் என்பது
முதல் தேநீர் இடைவேளைக்கு முன்.
நகரும் பட்டையைப் பார்த்தபடி
எது, இதில் எது என்று
ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சில நாள் நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது.
ஒருநாள் முதல் மீனே.

கையெழுத்துப் போட்டேன்.
"ஏன்?" என்றான் எலியேசர்.
கோபமில்லை, பயம்.
என்னிடம் பதில் இல்லை.

மூத்தவள் மைத்தே பிறந்தபோது
நெஞ்சுக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் இருவர்,
சனிக்கிழமை ஆட்டுக்கறி விருந்துக்கு
விறகு யார் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டார்கள்.
வேறொருத்தியின் பைக்குள்
அவசரமாய்ச் சாவி தேடுவதுபோல் ஓர் உலுக்கல்.
பிறகு ஓர் அழுகை.
அது என்னுடையது என்றார்கள், நம்பினேன்.
குறை சொல்லவில்லை.
அவள் துடிப்பு விழுந்துகொண்டே இருந்ததாம்,
கழுத்தில் கொடி இரண்டு சுற்று.
அந்தக் கத்தி இல்லாவிட்டால்
அடுப்புக்கரியால் என் சுவரைக் கெடுக்க
இன்று யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட். மழை பக்கவாட்டில் பெய்கிற மாதம்.
பனிக்குடம் உடைந்தது வண்டியில்,
சோன்ச்சிகூடத் தாண்டவில்லை.
எலியேசர் ஜெபித்தான், வைப்பரின் தாளத்துக்கு.

காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில்
மருத்துவச்சி நோல்ஃபா கார்காமோ
வயிற்றில் பட்டை கட்டினாள்.
உள்ளே இருந்தவனின் நெஞ்சு
படகு மோட்டார்போல் கேட்டது.
எதிர் அறையில், அறுவை மேசைக்கு மேல்,
விளக்கை எரியவிட்டிருந்தார்கள், எனக்காக.
கதவிடுக்கு வழியே அந்த வெளிச்சம்
தரையில் ஒரு கோடாகக் கிடந்தது,
கிட்டத்தட்ட என் தழும்பின் நீளம்.

வலி வந்தது. போனது. வந்தது.
நோல்ஃபா தழும்பின்மேல் விரல் வைத்து,
"ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும்
நடுவில் வலிக்கிறதா?"
"இல்லை."
"நடுவில்?"
"இல்லை."
இரவு முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு மோட்டார் அடங்கத் தொடங்கியது.
டாக்டர் வந்து வாசலில் நின்றார்.
இடப்பக்கம் புரட்டினார்கள்.
எதிர் அறைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வா என்றால் போய்விடலாம், பத்தே எட்டு.
போனாலும் நான் நான்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன், பாதி நம்பிக்கையோடு.
மோட்டார் இருமியது. பிடித்துக்கொண்டது.
டாக்டர் போகவில்லை.
முக்காலியை இழுத்து உட்கார்ந்து
தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

விடியும் முன்பு
மைத்தேயின்போது காணாமல்போன கீழ்ப்பாதி உடம்பு
மொத்தமாகத் திரும்பி வந்தது, கோபத்தோடு.
நான் கத்தியது எந்தப் பாஷையும் இல்லை.
தீ. வட்டமான தீ. தலை.
பிறகு ஒரே வழுக்கல்,
யாரும் திறக்காத முழு மீன்.

ஈரமாய், கனமாய் என்மேல் கிடந்தான்.
அவன் குதிகால் பழைய தையலை உதைத்தது.
அந்தப்பக்கம் யாரோ விளக்கை அணைத்தார்கள்.
ஒரு சொடுக்கு.
தரையிலிருந்த கோடு இல்லை.

இப்போது மறுபடியும் பட்டையின் முன்.
எண்ணக்கூடாது என்றுதான் வந்தேன்.
எண்ணுகிறேன்.
எங்கோ, ஏதோ ஓர் ஊரில்
ஒருத்தி அந்த ஒன்றாக இருக்கிறாள்.
இருநூறு வந்ததும்
கத்தி கொஞ்சம் நிற்கிறது.
மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்க்கிறார்.
ஒன்று.