நாற்பது செல் பாக்கி

ஜெலுத்தோங் பசாரில்
கஞ்சிக்கென்று கட்டிவைத்திருந்த தவளைகளில் ஒன்றை
விலை பேசி வாங்கிவந்தாள் ஹாஸ்லினா.
ஒன்பது வெள்ளி.
இப்போது அதன் விழித்திரை
என் கண்ணாடிக் கிண்ணத்து உப்புநீரில்.
அரைத் தபால்தலை அளவுகூட இல்லை.

மணி இரண்டு. மங்கிய சிவப்பு விளக்கு மட்டும்.
மயிரினும் மெல்லிய மின்முனை
ஒரு செல்லைத் தொட்டதும்
ஒலிபெருக்கியில் கடுகு வெடிக்கிறது.

வெள்ளை ஒளி பாய்ச்சினேன்.
பொரிந்தது. தணிந்தது. நின்றது.
ஒளி அப்படியேதான் இருந்தது,
செல்லுக்கு அது பழைய செய்தி.

அணைக்காமலே நகர்ந்தேன் அடுத்ததற்கு.
மூச்சில்லை.
ஒரு நிமிடம். மூன்று நிமிடம்.
பதிவை நிறுத்தி
'செத்தது' என்று எழுதும்போது
முழங்கை பட்டு விளக்கு அணைந்தது.

கத்தியது பாருங்கள்.
வரப்பில் கொக்கின் நிழல் விழுந்தாற்போல்
பதினேழு நொடி,
பிறகு விக்கிவிக்கி இன்னும் கொஞ்சம்.
இருட்டுதான் அதற்குச் சேதி.

எழுதியதை அடித்தேன்.
பின்னால் புரட்டினால்
மார்ச்சில் பதினொன்று, ஏப்ரலில் இருபத்தொன்பது,
எல்லாம் என் கையெழுத்தில்
செத்தது செத்தது செத்தது.
எதிலும் விளக்கு அணையும்வரை
நான் காத்திருக்கவில்லை.

விடிகாலை
கெலுகோர் மேட்டில் நின்று
பாலத்து விளக்குகள் அணைவதைப் பார்த்தேன்,
முதன்முறையாகக் கடைசி விளக்கு வரை.
கோப்பி ஆறிப்போயிருந்தது.

"தவளை ஏதாச்சும் சொல்லிச்சா?"
ஹாஸ்லினா தமிழிலேயே கேட்டாள்,
சுங்கை டுவா தமிழ்.

"நாப்பது செல்லு பாக்கி," என்றேன்.
"இன்னிக்கும் பசாருக்குப் போகணும்."