ஏழாவது கைப்பிடி

பாலஸ்டியர் சாலைக் கடைக்குக் கிளம்பும்போது
குளிர்பதனப் பெட்டியிலிருந்து
ஒரு காந்தத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டேன்.
பாத்தாமில் வாங்கிய மீன் பொம்மை.
ஒட்டினால் இரும்பு, மேலே மஞ்சள் முலாம்.
நழுவினால் பித்தளை.

பதினொரு கைப்பிடிகளில் மீன் ஒட்டிக்கொண்டது.
கல்லாவுக்குப் பின்னால் கிடந்த ஒன்றில்
வழுக்கி விழுந்து வாலை உடைத்துக்கொண்டது.
அதைத்தான் கேட்டேன். ஏழு.

"பூச்சில்லாதது," என்றார் கடைக்கார சியா.
"கறுக்கும். அப்புறம் போன் போட்டுத் திட்டக்கூடாது லா."
திட்டமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத குறை.

பொங்கோலில் எங்களுக்குப் பன்னிரண்டாம் மாடி.
சன்னலைத் திறந்தால் ஜொகூர் நீரிணை
கைநிறைய உப்போடு உள்ளே வரும்.
முதல் வாரம் எல்லாம் பொன்.
மூன்றாம் வாரம் தேன்.
ஆறாம் வாரம் கோப்பி ஓ.

ஷாமளா மருத்துவமனைத் தாதி.
ஒரு நாளைக்கு எண்பது முறை கிருமிநாசினி தேய்த்த கை.
என்னுடையது, ரயில் பணிமனையில்
கையுறைக்குள் எட்டு மணி நேரம் ஊறிய கை.
குளியலறைக் கதவுக்கு இரண்டும் தெரியும்:
நான் பிடிக்கும் இடம் சாம்பல் படர்ந்த பழுப்பு,
அவள் பிடிக்கும் இடம் வெளிறிய மஞ்சள்.
இரவுப் பணி முடிந்து நான் வரும்போது
அவள் கிளம்பியிருப்பாள்.
வாசல் கைப்பிடியில் மட்டும்
ஒருவர்மேல் ஒருவராக இருப்போம்.

திருகாணி ஓரத்தில் பச்சையாக ஒன்று பூத்தது.
களிம்பு, என்றேன்.
எந்தக் காயத்துக்கு, என்று பையைத் திறந்தாள்.
புண்ணில் தடவுவதும் களிம்பு,
செம்பு கலந்ததில் பூப்பதும் களிம்பு.
இந்த மொழியை வைத்துக்கொண்டு
எதைச் சுரண்டுவது, எதை ஆறவிடுவது?

தேக்கா சந்தைப் புளி, சிட்டிகை உப்பு,
மெல்லிய துணி.
உடனே கழுவித் துடைக்காவிட்டால்
புளியே கறையாகிவிடும்;
இதைக் கற்க ஒரு கைப்பிடி செலவானது.
பச்சையை எடுப்போம், பழுப்பை விட்டுவிடுவோம்.
இந்த ஒப்பந்தத்துக்கு வர
மூன்று சண்டை.

இதெல்லாம் ஆறுக்கு.

ஏழாவது, சின்ன அறைக் கதவில்,
மாறவேயில்லை.
ஐந்து மாதம் கழித்தும்
கடை வெளிச்சத்திலேயே இருந்தது.
வீட்டுக்கு வந்தவர்கள் அதைத்தான் மெச்சினார்கள்:
இதை மட்டும் எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள்?
ஒன்றும் செய்யவில்லை என்றால் நம்பவில்லை.

சியாவுக்குப் போன் போட்டேன். திட்டவில்லை.
"ஐயோ, ஒன்று கலந்துவிட்டதா? அது பூச்சுப் போட்டது.
விலை கூட. உனக்குத்தான் லாபம்."

ஷாமளா அதன் முன்னால் நின்று சொன்னாள்:
ஐந்து மாதமாக இந்த அறைக்குள் போகிறேன், வருகிறேன்.
இதற்குத் தெரியாது.

எதற்குப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை.
உள்ளே துணி காயும் கம்பி, ஒரு மின்விசிறி,
பிரிக்காத இரண்டு அட்டைப் பெட்டிகள்.

ஒரு ஞாயிறு, இருவருக்கும் விடுப்பு.
மீ வேகவைக்கும் பானையில் தண்ணீர்,
இரண்டு கரண்டி சமையல் சோடா,
கால் மணி நேரக் கொதி.
பூச்சு பாலாடை மாதிரிச் சுருண்டு எழுந்தது.
அவள் இடுக்கியால் தூக்கிப் பிடிக்க
நான் பழைய பனியனால் உரித்தேன்.
கண்ணாடித்தாள் போல் ஏதோ துணியில் ஒட்டியது.
அவ்வளவுதான் இருந்தது நடுவில்.

இனி அந்தப் பானையில் மீ கிடையாது, என்றாள்.

துணியால் பிடித்தே கதவில் பொருத்தினேன்.
உரித்த வெங்காயம் போல் இருந்தது.
நீ முதலில், என்றேன்.
நீ, என்றாள்.
கீழே எல்ஆர்டி ஒன்று
ஓட்டுநர் இல்லாமல் வளைந்து போனது.
மழை வேறு வந்தது; காய்ந்த துணி உள்ளே.
மதியம்வரை அந்தக் கதவைச் சாத்தாமல்
தோளால் தள்ளியே போய்வந்தோம்.

பிறகு யாரோ மறந்துபோய்ப் பிடித்திருக்கிறோம்.
சாயங்காலம் பார்த்தால்
நான்கு விரல், ஒரு பெருவிரல்.
யாருடையது என்று இப்போது சொல்ல முடியாது.
ஆறு வாரம் ஆகும்.