என் பங்கு வெயில்

பிரான்மலைப் பாறையில் ஒன்பதே காலிலிருந்து நிற்கிறேன்.
முப்பத்திரண்டு கிலோ சிறகை
சேவுகனும் நானும் மாற்றி மாற்றிச் சுமந்த தோள்
இன்னும் எரிகிறது.
அவன் இறங்கிப் போய்விட்டான், கீழே ஜீப்பில் இருப்பான்.

ஆடி மேல்காற்று. கொஞ்சம் அதிகம்.
புல்லைப் பிய்த்துப் போட்டால்
திரும்பி முகத்தில் ஒட்டுகிறது.
பத்து நாற்பதுக்கு ஒரு கரும்பருந்து
சிறகடிக்காமல் பாறைச் சரிவில் எழும்பியது.
அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.
நாலு எட்டு ஓடினேன்.
ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை.

காதோரம் ஏற்றமானி
கண்டக்டர் விசில் மாதிரி:
ரைட், ரைட், ரைட்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் குளிர்ந்தது.
மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பினேன்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"
"திருப்பத்தூர்."
"திருப்பத்தூர்ல எங்க?"
"மேலே."
வாக்கிடாக்கியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

நகம் வெட்டிப் போட்டதுபோலக் கண்மாய்க் கரைகள்.
தண்ணீர் இல்லை, கரை மட்டும் காவல் இருக்கிறது.
குன்றக்குடி கோபுரத்தை
மரியாதையாகத் தள்ளியே கடந்தேன்.
காரைக்குடி தாண்டியதும் விசில் நின்றது.

கானாடுகாத்தானில் எழுநூறு மீட்டர்.
பள்ளத்தூரில் இருநூற்றெண்பது.
கால்களைப் பையிலிருந்து வெளியே எடுத்து
இறங்க இடம் தேடினேன்.
கருவேலம். கரண்டுக் கம்பி. கருவேலம்.
அப்புறம் அந்த ஓடு.

எங்கள் வீடு.
முப்பத்தாறு பங்கு, அதில் ஒன்று எனக்கு.
சாவி மலேசியாவில், வழக்கு மதுரையில்.
போன வருஷம் வாசல்வரை போய்
கம்பி வழியே எட்டிப் பார்த்து
ஒரு நாயிடம் குரைப்பு வாங்கித் திரும்பினேன்.

இன்றைக்கு எல்லாம் தெரிகிறது.
முதல் கட்டு, இரண்டாம் கட்டு,
வானத்தை வாங்கிப் போட்ட சதுரங்கள்.
மூன்றாம் கட்டுக் கொடியில்
ஒரு பச்சை நைட்டி காய்கிறது.

யாருடையது?

இடது சிறகை எதுவோ தோளால் இடித்தது.
இடித்த பக்கமே திரும்ப வேண்டும்,
முதல் நாள் பாடம் அது.
திரும்பினேன்.
காலையிலிருந்து ஓடு குடித்து வைத்திருந்த வெயில்
மொத்தமாக மேலே வந்தது.
ரைட், ரைட்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நைட்டி,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னதாக.

ஆறாவது சுற்றில் ஒருத்தி முற்றத்துக்கு வந்து
அண்ணாந்து பார்த்தாள்.
கையசைக்க முடியாது, இரண்டு கையும் சட்டத்தில்.
அவள் அவசரமாகத் துணியை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.
என் நிழலை
மழை இருட்டு என்று நினைத்திருப்பாள்.

எழுநூறு மீட்டர் கொடுத்தது வீடு.
முப்பத்தாறு பங்கு வெயிலையும்
ஒருவரையும் கேட்காமல் நானே எடுத்துக்கொண்டேன்.

புதுவயலில் அரிசி ஆலைப் புகை
மேற்கே சாய்ந்திருந்தது.
கொண்டல் வந்துவிட்டது.
கடல் உள்ளே வந்தபின் நிலம் எதையும் தூக்காது.
உழுது போட்ட ஒரு தரிசில்
கிழக்கே பார்த்து மூக்கைத் தூக்கினேன்,
ஓடாமலே நின்றேன்.

ஆடு மேய்த்தவர் நிதானமாக வந்தார்.
"எங்கேருந்து?"
"பிரான்மலை."
"ஏன், பஸ் இல்லையா?"

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துச் சேவுகன்.
அவன் ஜீப் மீட்டரில் எண்பத்திரண்டு,
என் கருவியில் நாற்பத்தொன்பது.
"ஐம்பதுன்னு எழுதிக்குங்க அக்கா,
அந்த ஒண்ணை நான் ஓட்டுனேன்."
நாற்பத்தொன்பது என்றே எழுதினேன்.
கீழே: பள்ளத்தூர், ஓட்டுக் கூரை,
நொடிக்கு மூன்று மீட்டர் ஏற்றம்.
நைட்டியை எழுதவில்லை.
மற்ற முப்பத்தைந்து பேருக்கும்
அது தெரிய வேண்டாம்.

திரும்பும்போது பள்ளத்தூரில்
சேவுகன் வேகத்தைக் குறைத்தான்.
"டீ?"
"அடுத்த ஊரில்" என்றேன்.