கதிரை நடந்த தூரம்

சின்னக்கடையில் இடித்த நகைக்கடையின் கதவுநிலை.
முதிரை. பன்னிரண்டாயிரத்துக்குத் தந்தவன்
ஆணிகளை நீங்களே பிடுங்குங்கோ என்றான்.
முப்பத்தொன்றைப் பிடுங்கினேன்.
முப்பத்திரண்டாவது
என் வாளின் பல்லைப் பிடுங்கியது.

குகதாசனுக்கு இப்போது படுக்க ஏலாது.
நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு
மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது.
ஏழு மாதமாகப் பிளாஸ்டிக் கதிரையில்
சுவரோடு தலை சாய்த்துத்தான் உறக்கம்.
தலை பட்ட இடத்தில் எண்ணெய்க்கறை,
ஒரு சிறு தீவின் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.
நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞர்.
அதன் கரையோரத்தை
விழித்திருந்த இரவுகளில் எத்தனையோ தரம்
மனதுக்குள் வரைந்து முடித்தேன்.

காரை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தோம்.
கார் நின்ற இடந்தான் என் பட்டறை.
திருகுபிடிகள் ரமீசா கொடுத்தவை, எட்டு,
அவள் வீட்டுக்காரரின் அலுமினியக் கடையிலிருந்து,
வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும் என்ற வாக்கோடு.
எந்த வெள்ளி என்று அவளும் சொல்லவில்லை.

ஆடுகால்களின் வளைவை
கடதாசியில் முழு அளவில் வரைந்தேன்.
நாற்பத்திரண்டு அங்குல ஆரை.
இருபத்தாறு வருட உத்தியோகத்தில்
குளங்களை நகமளவுக்குச் சுருக்கியிருக்கிறேன்,
காடுகளைக் கைக்குட்டைக்குள் மடித்திருக்கிறேன்.
ஒரு பொருளை அதன் அளவிலேயே வரைந்தது
இதுதான் முதல் தடவை.
கை கொஞ்சம் நடுங்கியது, ஏனென்று தெரியாது.

கோதுமை மாவில் பசை காய்ச்சி
கடதாசியை அச்சுப் பலகையில் ஒட்டினேன்.
முதிரையை மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து
ஏழு ஏழாகப் பசையிட்டு, வளைத்து, இறுக்கினேன்.
வலது கால் பிசகில்லாமல் வந்தது.
இடது காலை இறுக்கிய இரவில்
மின்சாரம் போனது. கதவைச் சாத்த மறந்தேன்.

காலையில் பார்த்தால்
கராஜுக்குள் ஒரு புள்ளிமான்.
பஸ் நிலையத்தடியில் வாழைப்பழத்தோல் தின்னும் கூட்டத்தில் ஒன்று,
ஒரு கொம்பு பாதியில் முறிந்தது.
என் வரைபடத்தைத் தின்றுகொண்டிருந்தது.
மாப்பசை ருசித்திருக்க வேண்டும்.
ஆரையும் மையப்புள்ளியும்
என் ஒப்பமும் திகதியும்
அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.
இரண்டு திருகுபிடிகள் நிலத்தில்.
வளைவு கால் அங்குலம் விரிந்த நிலையிலேயே
பசை இறுகியிருந்தது.

சூ என்றேன். அது போகவில்லை.
போ ராசா என்றேன். போனது.

இன்னொன்று செய்ய மரம் மிச்சமில்லை.
மூன்று பின்னேரங்கள் சீவுளியோடு மல்லுக்கட்டினேன்.
இங்கே சீவினால் அங்கே பிழைத்தது,
அங்கே சீவினால் எனக்கு அழுகை வந்தது.
சுருள் சுருளாக மஞ்சள் சீவல்
முழங்கால் வரை.
போதும் என்று
கால்களைப் பொருத்தி, கைகளைப் பூட்டி,
படகுக்காரர் வாங்கும் நைலோன் கயிற்றால்
இருக்கை பின்னினேன்.

அவர் உட்கார்ந்தார்.
ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே.
"கப்பல் மாதிரி" என்றார்.
அடுத்த சொல் வருமுன் உறங்கிவிட்டார்,
வாய் திறந்தபடி.

அந்த இரவுதான் கண்டேன்:
கதிரை நடக்கிறது.
மூச்சுக்கு மூச்சு ஆடி,
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மயிரிழை
இடப்பக்கமாகத் திரும்பி
முன்னே போகிறது.
சுண்ணக்கட்டியால் தரையில் குறித்தேன்.
பத்து மணிக்கு அலுமாரிக்கு நேரே.
ஒன்றரைக்கு மேசையின் மூலை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிய நேரம்
ஜன்னலைத் தாண்டியாயிற்று.
விடியும்போது வாசலுக்கு ஒரு சாண் இப்பால்,
முகம் தெருவைப் பார்த்தபடி.
படலைக்கு வெளியே அந்த முறிகொம்பன்
அசைபோட்டுக்கொண்டு அவரையே பார்த்து நின்றது.

கண் விழித்தவர் சுவரைத் தேடினார்.
"இரவு எங்க போனனான்?"

"வடகிழக்கே. நாலடி மூன்றங்குலம்."

யோசித்தார்.
"தேத்தண்ணி இருக்கா?"

கோப்பையை அவர் கையில் வைத்துவிட்டு
பின்னால் போய்
கதிரையோடு அவரையும் சேர்த்து
பழைய இடத்துக்கு இழுத்தேன்.
பாரந்தான்.
பங்குனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து
தனியாக நான் தூக்கிய ஆளைவிட
நல்ல பாரம்.